சாவி கைக்கு வரும் வரை: வாடகைச் சொத்தை நீதிமன்றத்தின் வழியே மீட்கும் முறை

வாடகைக்கு விட்ட வீட்டையோ கடையையோ உரிமையாளர் திரும்பக் கேட்டும் வாடகைதாரர் காலி செய்ய மறுத்தால், அவரை வெளியேற்றும் அதிகாரம் உரிமையாளரிடம் இல்லை, நீதிமன்றத்திடம் மட்டுமே இருக்கிறது என்பது இந்தியச் சட்டத்தின் அடிப்படை நிலை. பத்திரம், பட்டா, வரி ரசீது, மின் இணைப்பு ஆகிய அனைத்தும் தம் பெயரிலேயே இருந்தாலும், முறைப்படி உள்ளே குடியேறிய ஒருவரை உரிமையாளர் தம் கையாலோ தம் ஆட்களைக் கொண்டோ வெளியேற்ற முடியாது. அதற்கென வழக்குத் தொடுத்து, உத்தரவு பெற்று, அந்த உத்தரவை நீதிமன்ற ஊழியர் வழியாகவே செயல்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாதையில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில், காலி செய்யவேண்டிய பொறுப்பு வாடகைதாரருக்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தின் முறையான வடிவமே தீர்ப்பாணை, அல்லது வாடகை நீதிமன்றத்தைப் பொறுத்தவரை வெளியேற்ற உத்தரவு. இரண்டாம் கட்டம், அந்த ஆணை தாளிலிருந்து தரைக்கு வரும் கட்டம். நிறைவேற்றம் என்று சட்டம் குறிப்பிடும் இதைத்தான் வழக்காடிகள் 'இ.பி. போடுவது', அதாவது நிறைவேற்று மனுத் தாக்கல் செய்வது, என்கிறார்கள். வெளியேற்ற வழக்கு என்றாலே முதற்கட்டத்தை மட்டும் நினைப்பது பொதுமக்களின் வழக்கம். ஆனால் தீர்ப்பாணை பெற்ற பிறகுதான் இந்திய வழக்காடியின் இன்னல்கள் தொடங்குகின்றன என்ற கருத்தை லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே ஒரு தீர்ப்பில் பதிவு செய்தது. இன்றும் அது பொய்க்கவில்லை என்பதால், இரண்டாம் கட்டத்தைப் பற்றிய தெளிவு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருதரப்புக்கும் தேவைப்படுகிறது.

உரிமை வேறு, சுவாதீனம் வேறு

ஒரு சொத்து யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அது இப்போது யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. பின்னதைச் சட்டத் தமிழ் 'சுவாதீனம்' என்றும் 'உடைமை' என்றும் அழைக்கிறது. வாடகை ஒப்பந்தம் ஏற்படும்போது உரிமை உரிமையாளரிடமே தங்கிவிட, சுவாதீனம் மட்டும் வாடகைதாரருக்குக் கைமாறுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக அது தானாக உரிமையாளரிடம் திரும்பி வந்துவிடுவதில்லை. நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவர், தொடர்ந்து அங்கே இருக்கும் உரிமையை இழந்தவராகவே இருந்தாலும், சட்டப்படியான நடவடிக்கையின் மூலமே அகற்றப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில், குறிப்பாக 1968-லும் 1989-லும், தெளிவுபடுத்தியுள்ளது.

இக்கொள்கைக்கு வலிமை தருவது குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 1963-இன் 6-ஆம் பிரிவு. தம் சம்மதமின்றி, சட்ட நடைமுறைக்குப் புறம்பாக, அசையாச் சொத்தின் சுவாதீனத்திலிருந்து அகற்றப்பட்ட ஒருவர், ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்தால் அதைத் திரும்பப் பெறலாம். அவ்வழக்கில் உரிமை யாருக்கு என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்பிப் பயனில்லை. ஆகவே, வாடகைதாரர் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றும் உரிமையாளர், வாடகை பாக்கி உண்மையாகவே இருந்தாலும்கூட, அதே வீட்டின் சாவியை நீதிமன்ற உத்தரவின்படி அவரிடமே திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு ஆளாகலாம். குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, வாடகைதாரரைத் தாமாகவே போகச் செய்ய முயல்வதையும் வாடகைச் சட்டம் தடை செய்கிறது. ஆட்களை அழைத்துச் சென்று பொருட்களைத் தெருவில் எறிவது குற்ற வழக்குக்கே இடம் தரும்.

தன் சொத்தைத் தானே மீட்டுக்கொள்ளும் வலிமையைக் குடிமகனிடமிருந்து அரசு எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக, அந்த வேலையைத் தன் நீதிமன்றத்தின் வழியே செய்து தரும் பொறுப்பைத் தானே ஏற்கிறது. நிறைவேற்றம் என்பது வெற்றி பெற்றவருக்கு நீதிமன்றம் காட்டும் சலுகையன்று, இந்தப் பரிமாற்றத்தில் அரசு செலுத்த வேண்டிய கடன் என்ற நோக்கில் பார்த்தால்தான் அதன் விதிகளும் அவற்றின் குறைகளும் விளங்கும்.

எந்த மன்றத்தில் வழக்கு

தமிழ்நாட்டில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் ஏற்பட்ட வீட்டுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1941-ல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய அது, 1946, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக, 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின்படி, வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால் மட்டுமே வெளியேற்றம் கேட்க முடியும். வழக்கறிஞர்கள் 'ஆர்.சி.ஓ.பி.' என்று குறிப்பிடும் மனுக்கள் இச்சட்டத்தின்கீழ் வந்தவையே. அக்காரணங்களின் மேல் வெளியேற்றம் கேட்கும்போது சொத்து மாற்றுச் சட்டப்படியான தனி அறிவிப்பும் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1979-ல் தீர்ப்பளித்தது.

அச்சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததே, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் நியாய வாடகை நிர்ணயம் என்ற பழைய முறையைக் கைவிட்டு, எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தை மையமாக வைத்தது. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அப்பொறுப்பில் இருப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் நடைபெறும் பத்திரப் பதிவும் இதுவும் ஒன்றல்ல. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் வேரூன்றியது. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும் அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்பதே புதிய சட்டத்தின் எதிர்பார்ப்பு.

வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அந்த அலுவலரிடம் இல்லை. அது வாடகை நீதிமன்றத்துக்கு உரியது, அதன் உத்தரவை எதிர்த்து வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுதல், இரண்டு மாத வாடகை பாக்கியைக் கேட்பு அறிவிப்புக்குப் பிறகும் செலுத்தாமை, எழுத்துமூலமான ஒப்புதலின்றிப் பிறரிடம் இடத்தை ஒப்படைத்தல், இடத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், பழுதுபார்ப்பு அல்லது மறுகட்டுமானத்தின் தேவை, உரிமையாளரின் அல்லது அவர் குடும்பத்தாரின் சொந்தப் பயன்பாடு ஆகியவை வெளியேற்றம் கேட்பதற்கான முக்கியக் காரணங்கள். பாக்கிக்கான அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிடும் வாடகைதாரருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பழைய சட்டத்தின்கீழ் நிலுவையில் இருந்த வழக்குகள் அச்சட்டப்படியே தொடர அனுமதிக்கப்பட்டதால், இரண்டு சட்டங்களின்கீழ் வந்த உத்தரவுகளும் இன்று நிறைவேற்றத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

அரசுக் கட்டடங்கள், பணியின் பொருட்டு ஊழியருக்குத் தரப்படும் குடியிருப்புகள் போன்றவை புதிய சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ள தனியார் இடங்களுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமுமே வழி. மாதவாடகைக் குத்தகையை முடிக்க 15 நாள் அறிவிப்பும், விவசாயம் அல்லது உற்பத்தித் தொழிலுக்கான குத்தகையை முடிக்க ஆறு மாத அறிவிப்பும் அச்சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி தரப்பட வேண்டும். மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து அதில் தம் செலவில் கட்டடம் எழுப்பியவர்களுக்கு, 1921-ஆம் ஆண்டின் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இடங்களில், கட்டடத்துக்கு இழப்பீடு பெறவும், தகுந்த நேர்வுகளில் மனையையே விலைக்குக் கேட்கவும் உரிமை உண்டு. அவ்வகை வழக்குகளில் வெறும் வெளியேற்ற ஆணையோடு விவகாரம் முடிவதில்லை.

எந்த மன்றமானாலும் வாடகைதாரர் எழுப்ப முடியாத எதிர்வாதம் ஒன்று உண்டு. தம்மைக் குடியமர்த்திய உரிமையாளருக்கு, வாடகை தொடங்கிய நாளில் அச்சொத்தில் உரிமை இருந்ததில்லை என்று அவர் சொல்ல முடியாது. சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் இத்தடை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

ஆணையில் என்ன இருக்க வேண்டும்

நிறைவேற்று நீதிமன்றம் தீர்ப்பாணையின் சொற்களுக்குக் கட்டுப்பட்டது. அதில் இல்லாததைச் சேர்க்கவோ, அது சரியா தவறா என்று மீண்டும் ஆராயவோ அதற்கு அதிகாரமில்லை. எனவே வழக்கின் தொடக்கத்தில் மனுவோடு இணைக்கப்படும் சொத்து விவரம், பிற்காலத்தில் நீதிமன்ற ஊழியரான அமீனா சென்று நிற்கப்போகும் வாசலை ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். கதவு எண், தளம், நான்கெல்லை, அளவு, பொதுப் படிக்கட்டு, மாடி, வாகன நிறுத்துமிடம் ஆகியவை குறிப்பிடப்படாமல் 'முதல் தளப் பகுதி' என்று மட்டும் எழுதப்பட்ட விவரத்தால், பல ஆண்டு வழக்குக்குப் பிறகு எந்த அறையை ஒப்படைப்பது என்ற புதுத் தகராறு எழுந்து, அளவெடுக்க வழக்கறிஞர் ஆணையரையும் நில அளவரையும் அனுப்பும் நிலை ஏற்படுகிறது.

தீர்ப்பாணை வந்ததும் வாடகைதாரர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு தாக்கலானது என்பதாலேயே நிறைவேற்றம் நின்றுவிடாது. தடையாணை வேண்டுமென்று தனியே கேட்டு, போதிய காரணம் காட்டிப் பெற வேண்டும். தடையாணை தரும் நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம் என்றும், வெளியேற்ற ஆணைக்குப் பிறகும் இடத்தை வைத்திருக்கும் வாடகைதாரர் பழைய வாடகையை அல்லாமல் அந்த இடத்துக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய தொகையைச் செலுத்தும்படி உத்தரவிடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2005-ல் தெளிவாக்கியது. பல்லாண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட சொற்ப வாடகையிலேயே மேல்முறையீட்டுக் காலத்தையும் கடத்திவிடலாம் என்ற கணக்கு இத்தீர்ப்பால் தளர்ந்தது.

மேல்முறையீட்டில் தோற்ற வாடகைதாரர், பிள்ளைகளின் படிப்பையோ தொழிலையோ காரணம் காட்டிக் கால அவகாசம் கேட்பதும், நீதிமன்றம் சில மாதங்கள் கொடுப்பதும் நடைமுறையில் அடிக்கடி நிகழ்பவை. அத்தகைய அவகாசத்துக்கு ஈடாக, குறித்த நாளில் காலி செய்வேன், அதுவரை வாடகையைத் தவறாமல் செலுத்துவேன், வேறு எவரையும் குடியேற்ற மாட்டேன் என்ற உறுதிமொழியை அவர் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டியிருக்கும். நீதிமன்றத்துக்கு அளித்த உறுதியை மீறுவது அவமதிப்புக் குற்றமாகும் என்பதால், பல நேர்வுகளில் இந்த ஒரு தாள் வாரண்டைவிட விரைவாகச் சாவியைக் கைக்குக் கொண்டுவந்து விடுகிறது.

நிறைவேற்று மனுவும் அமீனாவும்

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 21 முழுவதும் நிறைவேற்றத்துக்கென ஒதுக்கப்பட்டது. 106 விதிகள் கொண்ட அதுவே அச்சட்டத்தின் மிக நீண்ட கட்டளை. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவும் உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றப்படுவதால், இவ்விதிகளின் சாரம் இருவகை வழக்குகளுக்கும் பொருந்தும். தீர்ப்பாணை பெற்றவர் வழக்கு எண், தரப்பினர் பெயர், தீர்ப்பாணையின் தேதி, மேல்முறையீடு உண்டா, இதற்குமுன் நிறைவேற்ற முயற்சி நடந்ததா, நீதிமன்றத்தின் உதவி எவ்வகையில் வேண்டும் என்ற விவரங்களைக் கொண்ட மனுவைத் தாக்கல் செய்கிறார். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்பதற்குக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டுகள் அனுமதிக்கிறது. ஆயினும் தீர்ப்பாணையின் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டாலோ, எதிர்த்தரப்பு இறந்து வாரிசுகள் மீது நிறைவேற்ற நேர்ந்தாலோ, முதலில் அறிவிப்பு அனுப்பி அவர்களின் பதிலைக் கேட்ட பிறகே நீதிமன்றம் மேற்கொண்டு செல்லும். எனவே காலம் தாழ்த்தாமல் மனுச் செய்பவருக்கு ஒரு படி மிச்சமாகிறது.

மனு ஏற்கப்பட்டதும் ஒப்படைப்பு வாரண்டு பிறப்பிக்கப்படுகிறது. அமீனா என்றோ பெய்லிஃப் என்றோ அழைக்கப்படும் நீதிமன்ற ஊழியரிடம் அது தரப்படும். அவருடைய பயணப்படியான பேட்டாவை மனுதாரர் கட்ட வேண்டும். குறித்த நாளில் அமீனா இடத்துக்குச் சென்று, உள்ளே இருப்பவரிடம் வாரண்டைக் காட்டி, காலி செய்து ஒப்படைக்கும்படி கேட்கிறார். அவர் இணங்கினால் சாவி அமீனாவின் கை வழியாகத் தீர்ப்பாணை பெற்றவருக்குச் செல்கிறது. ஒப்படைப்பு நடந்ததற்கான பதிவில் இருதரப்பும், உடனிருந்த சாட்சிகளும் கையெழுத்திடுகிறார்கள். பின்னர் அமீனாவின் அறிக்கை நீதிமன்றத்துக்குச் சென்று, ஒப்படைப்பு பதிவாகி, மனு முடிக்கப்படுகிறது.

இணங்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதை விதி 35 சொல்கிறது. தீர்ப்பாணைக்குக் கட்டுப்பட்டவர் வெளியேற மறுத்தால் அவரை அகற்றியே ஒப்படைக்கலாம். கட்டடத்துக்குள் போக வழிவிடாவிட்டால், நியாயமான எச்சரிக்கை கொடுத்தபின், பூட்டையும் தாழையும் நீக்கவோ திறக்கவோ, கதவை உடைக்கவோ, ஒப்படைப்புக்குத் தேவையான வேறு எதையும் செய்யவோ நீதிமன்றம் தன் அலுவலர் வழியாக ஏற்பாடு செய்யலாம். நாட்டு வழக்கப்படி வெளியாட்கள் முன் வராத பெண்கள் உள்ளே இருந்தால், அவர்கள் விலகிச் செல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்ற நூற்றாண்டுக்கு முந்தைய விதியும் இன்றுவரை மாறாமல் இருக்கிறது. நடைமுறையில், வீடு பூட்டிக் கிடந்தது என்றோ எதிர்ப்பு இருந்தது என்றோ அமீனா அறிக்கை கொடுத்து வாரண்டைத் திருப்பிய பிறகு, பூட்டை உடைக்கவும் காவல்துறை உதவி பெறவும் தனித்தனி மனுக்கள் தாக்கலாகி, அவற்றின்மேல் உத்தரவு வந்தபின் மறுபடியும் வாரண்டு புறப்படுவதே பெரும்பாலும் நடக்கிறது.

பூட்டை உடைத்துத் திறக்கும் நேர்வுகளில் உள்ளே இருக்கும் பொருட்களைச் சாட்சிகள் முன்னிலையில் பட்டியலிட்டுக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது. வெளியேற்ற ஆணை இடத்தைப் பற்றியது மட்டுமே. வாடகைதாரரின் கட்டிலும் பீரோவும் கடைச்சரக்கும் அதனால் உரிமையாளருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. வாடகை பாக்கிக்காக அவற்றைப் பிடித்துவைக்க வேண்டுமானால், அதற்குரிய ஜப்தி உத்தரவு தனியாக இருக்க வேண்டும்.

எல்லா ஒப்படைப்பும் ஆளை அகற்றுவதாக இருக்கவேண்டியதில்லை. ஒரு கட்டடத்துக்கு உரிமையாளர் யார் என்ற வழக்கில் ஒருவர் வென்று, அதில் குடியிருக்கும் வாடகைதாரர் அந்தத் தீர்ப்பாணைக்குக் கட்டுப்படாமல் தொடர்ந்து இருக்கும் உரிமை உடையவராயின், விதி 36-இன்படி வாரண்டின் நகலைக் கட்டடத்தில் பார்வையான இடத்தில் ஒட்டி, தண்டோரா போட்டோ வழக்கமான வேறு முறையிலோ தீர்ப்பாணையின் சாரத்தை அறிவிப்பதோடு ஒப்படைப்பு நிறைவடைகிறது. அடையாள ஒப்படைப்பு என்று சொல்லப்படும் இதனால் வாடகைதாரர் வெளியேறுவதில்லை. இனி வாடகையை யாரிடம் தர வேண்டும் என்பது மட்டுமே உறுதியாகிறது.

வாசலில் எழும் தடைகள்

அமீனா வாசலுக்கு வரும் நாளில், வழக்கில் இல்லாத ஒருவர் கதவைத் திறந்து, தாமே உள்ளே இருப்பதாகவும் தீர்ப்பாணை தம்மைக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்வது நிறைவேற்று நீதிமன்றங்களுக்குப் பழகிப்போன காட்சி. அவர் உள்வாடகைதாரராகவோ, வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியதாகச் சொல்பவராகவோ, தமக்கே தனி உரிமை இருப்பதாக வாதிடுபவராகவோ இருக்கலாம். அத்தகைய தடை ஏற்பட்டால், தீர்ப்பாணை பெற்றவர் விதி 97-இன்கீழ் 30 நாட்களுக்குள் நிறைவேற்று நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். உரிமை, பங்கு, சுவாதீனம் பற்றி இத்தரப்பினரிடையே எழும் தொடர்புள்ள கேள்விகள் அனைத்தையும் அந்த நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும், அதற்கெனத் தனி வழக்குத் தொடுக்கக் கூடாது என்று விதி 101 சொல்கிறது. அம்முடிவு ஒரு தீர்ப்பாணைக்குரிய வலிமை பெறுவதால், அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

இவ்விசாரணையில் எல்லாத் தடையாளர்களையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை. வாடகைதாரர் வழியாக மட்டுமே உள்ளே வந்த உள்வாடகைதாரர், பொதுவாக அவருக்கு எதிரான வெளியேற்ற ஆணைக்குத் தாமும் கட்டுப்பட்டவரே. வழக்கு நிலுவையில் இருந்தபோது எதிர்த்தரப்பிடமிருந்து சொத்தைப் பெற்றவருக்குத் தடை எழுப்பும் உரிமையே இல்லை என்று விதி 102 கூறுகிறது. ஆனால் வாடகைதாரரோடு எத்தொடர்பும் இன்றித் தமக்கே உரிய உரிமையோடு அங்கே இருப்பவர் வழக்கில் சேர்க்கப்படாமலே வெளியேற்றப்பட்டுவிடக் கூடாது. அப்படி வெளியேற்றப்பட்டவர் விதி 99-இன்கீழ் அதே நீதிமன்றத்தில் முறையிட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். நியாயமான காரணமின்றி, எதிர்த்தரப்பே தடுக்கிறார் அல்லது பிறரைத் தூண்டிவிடுகிறார் என்று கண்டு ஒப்படைக்க உத்தரவிட்ட பின்னும் எதிர்ப்பு தொடருமானால், தடுப்பவரை 30 நாட்கள் வரை உரிமையியல் சிறையில் வைக்க நீதிமன்றம் ஆணையிடலாம்.

வழக்கில் தரப்பினராக இருந்தவரே நிறைவேற்றத்தின்போது எழுப்பும் ஆட்சேபணைகள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. தீர்ப்பாணைக்குப் பிறகு இருவரும் சமாதானமாகிப் புதிய வாடகை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், தீர்ப்பாணை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டது, அதைப் பிறப்பித்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பன போன்றவை அங்கே கேட்கத்தக்கவை. வழக்கில் சொல்லத் தவறியதையோ, சொல்லித் தோற்றதையோ மறுபடி சொல்வது கேட்கத்தக்கதன்று. இவ்வேறுபாட்டை முதல் வாய்தாவிலேயே அறிந்து மனுவை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் நீதிமன்றத்தில் நிறைவேற்றம் விரைகிறது. எந்த ஆட்சேபணையாக இருந்தாலும் எண்ணிட்டு, பதில் கேட்டு, விசாரணைக்கு ஒத்திவைக்கும் இடத்தில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

பாக்கியும் இடைக்கால வருவாயும்

சுவாதீனம் திரும்பியதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து காலி செய்த நாள்வரை உரிமையின்றி இடத்தை அனுபவித்ததற்குத் தரவேண்டிய தொகையைச் சட்டம் இடைக்கால வருவாய் என்கிறது. இது வாடகை அன்று என்பதால் பழைய வாடகை விகிதத்துக்குக் கட்டுப்பட்டதும் அன்று, அந்த இடத்திலிருந்து நியாயமாக ஈட்டக்கூடிய வருவாயை வைத்து நீதிமன்றம் அதை அளவிடும். அட்வான்ஸ் தொகை உரிமையாளரிடம் இருந்தால் அது இக்கணக்கில் கழிக்கப்பட்டு, மீதி இருந்தால் வாடகைதாரருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். பணத்துக்கான ஆணையை நிறைவேற்ற வங்கிக் கணக்கையும் சொத்துகளையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். ஆனால் அன்றாட உடை, சமையல் பாத்திரங்கள், தொழிற்கருவிகள் போன்றவற்றுக்குச் சட்டம் விலக்களித்திருக்கிறது. பணம் தர வசதியே இல்லாத ஒருவரைக் கடனுக்காக மட்டும் சிறைக்கு அனுப்ப முடியாது, வசதி இருந்தும் தீய எண்ணத்தோடு தர மறுத்தார் என்று காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் தீர்ப்பளித்தது.

தாமதத்தின் விலை

இத்தனை விதிகளும் ஒழுங்காக இயங்கினால் நிறைவேற்றம் சில மாதங்களில் முடிந்துவிடக் கூடியது. மனுத் தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நிறைவேற்று நீதிமன்றம் அதை முடிக்க வேண்டும், முடியாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. பின்னர், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு சொத்து வழக்கில், 1986-ல் தொடங்கிய தகராறு நிறைவேற்றக் கட்டத்திலேயே பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்ததைக் கண்டு, நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களின் விவரத்தைத் திரட்டி ஆறு மாதங்களில் முடிக்கச் செய்யும்படி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் 2025 மார்ச்சில் அறிவுறுத்தியது. அவ்வாறு திரட்டப்பட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் 8.8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருப்பது அதே ஆண்டு அக்டோபரில் வெளிப்பட்டது. இவற்றில் பணத்துக்கானவை, பங்கு பிரிப்புக்கானவை, கிரயப் பத்திரம் பெறுவதற்கானவை எனப் பலவகை மனுக்களும் உண்டு. எனினும் அவை அனைத்தும், ஒருமுறை வென்றவர் மறுமுறையும் வெல்லக் காத்திருக்கும் வழக்குகளே.

இத்தாமதத்தின் சுமை உரிமையாளரோடு நிற்பதில்லை. ஓய்வுக்கால வருமானமாக ஒரேயொரு பகுதியை வாடகைக்கு விட்ட முதியவர், அதைத் திரும்பப் பெற ஆண்டுகள் ஆகும் என்று அஞ்சினால் அதைப் பூட்டியே வைக்கிறார். அல்லது பெரிய அட்வான்ஸ் கேட்கிறார், அல்லது சாதி, மதம், தொழில், திருமண நிலை பார்த்து வடிகட்டுகிறார். நேர்மையாக வாடகை தரும் குடும்பம் வீடு கிடைக்காமல் அலைவதற்கு, வேறெங்கோ தேங்கிக் கிடக்கும் ஒரு வாரண்டும் ஒரு காரணமாகிறது. நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை இழந்த உரிமையாளர் அடியாட்களை நாடும்போது, சட்டம் எந்த வாடகைதாரரைக் காக்க நடைமுறைகளை வகுத்ததோ அவரே அந்தப் பாதுகாப்பை இழக்கிறார்.

எனவே நிறைவேற்றத்தை விரைவுபடுத்துவதை உரிமையாளருக்குச் சாதகமான சீர்திருத்தம் என்று மட்டும் கருதுவது பிழை. காரணமின்றி வெளியேற்றப்படக் கூடாது என்ற வாடகைதாரரின் உரிமை வழக்கு விசாரணையில் முழுமையாகக் காக்கப்பட வேண்டும். அங்கே முடிவான பிறகு அதே வாதங்கள் வாசலில் மறுபடி அரங்கேற இடம் தரக் கூடாது. பூட்டை உடைக்கவும் காவல் உதவிக்கும் தனித்தனியே மனுப்போட வைக்காமல், எதிர்ப்பு ஏற்படும் என்பதற்கு அடையாளம் இருக்கும்போது முதல் வாரண்டிலேயே அவற்றுக்கு அனுமதி தருவதும், ஆட்சேபணை மனுக்களை ஏற்பதற்கு முன்பே சலித்தெடுப்பதும், அமீனாக்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதும் புதுச் சட்டம் இல்லாமலே செய்யக்கூடியவை. தனி மனிதர் தம் பூட்டைத் தாமே உடைக்கக் கூடாது என்று தடுக்கும் அரசு, அதை உரிய காலத்தில் திறந்து கொடுக்காவிட்டால், அந்தத் தடையை நியாயப்படுத்தும் தகுதியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடும்.